அளவு சொல்லாத கணக்கு

மூன்றாவது நாளும் அந்த எட்டாம் வகுப்புப் பெண் அழுதாள். பக்கத்திலேயே நின்ற கணக்கு டீச்சர் ஒரு வார்த்தைகூடச் சொல்லி உதவவில்லை.

பலகையில் இருந்தது ஒரே ஒரு கணக்கு. அறையின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு. தரைக்கு எத்தனை டைல்ஸ் வேண்டும்?

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"டீச்சர், ஒரு டைல்ஸ் எவ்ளோ பெருசுன்னு நீங்க சொல்லவே இல்லையே. அது தெரியாம இதைப் போட முடியாது."

மூன்று நாளாக டீச்சர் காத்திருந்தது இதற்காகத்தான். அவளைப் பாராட்ட வாயெடுப்பதற்குள், தலைமையாசிரியர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

மேஜைமேல் ஒரு புகார் கிடந்தது. பதினோரு பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தப்பும் தவறுமாகக் கணக்குக் கொடுத்துப் பிள்ளைகளைக் குழப்புகிறாளாம்.

பக்கத்துப் பிரிவில் சார் விடையோடு எழுதிப் போடுகிறார், அத்தனை பேரும் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறார்கள், அவரைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளக் கூடாதா என்றார் தலைமையாசிரியர். குழம்பினால்தானே யோசிப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நாளையிலேர்ந்து நீங்களும் விடையை எழுதிப் போடுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் வேற ஸ்கூல் பாத்துக்குங்க."

வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனை நினைத்துக்கொண்டாள். அப்படியே செய்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே அந்தப் பெண் ஓடிவந்தாள். அளவைச் சொல்ல வேண்டாம், வகுப்புத் தரையை அளந்து நாங்களே கண்டுபிடிக்கிறோம் என்றாள். டீச்சரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாளைக்கு விடையையே எழுதிப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

ஆசிரியர் அறையில் பக்கத்துப் பிரிவு சார் காத்திருந்தார். விஷயம் அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. குத்திக்காட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நோட்டுகளை அடுக்கினாள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா டீச்சர்?"

"வேற வழி?"

அவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் பொண்ணு அடுத்த வருஷம் எட்டாவது வர்றா. உங்க பிரிவுலதான் போடணும்னு போன வாரமே எழுதிக் கொடுத்துட்டேன்" என்றார். "நீங்களும் என்னை மாதிரியே நடத்த ஆரம்பிச்சுட்டா, அவ யார்கிட்டதான் கணக்கு கத்துக்குவா?"