துளிர் விடச் சொன்ன குரல்

வயிறு குலுங்கச் சிரிக்கத்தான் போகிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

பார்சலில் வந்த ஆப்பிள் குச்சியை, கூடவே வந்த வேர்ச்செடியின் தண்டைக் கீறிச் செருகி ஒட்டுக் கட்டினாள் வீட்டுக்காரி. "கட்டுக்குக் கீழே துளிர் விட்டுடாதே, குச்சி பட்டினியாயிடும்" என்று வேர்ச்செடியிடம் சொன்னாள்.

அவள் வெளியூர் போனதும், சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு மைனா அவள் குரலிலேயே கொஞ்சியது: "கண்ணு, கீழேயும் நாலு துளிர் விடேன்!"

வேர்ச்செடி பூரித்துப்போய், இருந்த சாற்றையெல்லாம் துளிர்களுக்கே ஊட்டியது.

"அண்ணே, தாகமா இருக்கு" என்றது குச்சி.

"அம்மாவே சொல்லிட்டாங்க, சும்மா இருடா!"

மைனா விழுந்து விழுந்து சிரித்தது.

சில நாளில் குச்சியின் பேச்சு நின்றது. "தம்பி, கோபமா?" என்று வேர்ச்செடி பதறியது.

"நல்லாத்தான் இருக்கேன், அண்ணே."

அப்பாடா என்று நிமிர்ந்தது வேர்ச்செடி. காய்ந்து கறுத்த குச்சிக்குப் பின்னால் மைனாவின் அலகு அசைந்துகொண்டிருந்தது.