கொட்டாங்குச்சியில் நாலாவது புழு

தசரதனுக்கு மீன் வேண்டும். சரசுவுக்குப் பறவைகள் போதும். பங்குனி ஞாயிறுகளில் புருஷனும் பெண்டாட்டியும் கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் ஆளுக்கொரு தூண்டிலோடு உட்காருவார்கள். அவள் தன் முள்ளிலிருந்து புழுவைக் கழற்றிக் கொட்டாங்குச்சியின் ஈரமண்ணில் விட்டுவிட்டு, வெறும் முள்ளைத் தண்ணீரில் போடுவாள். பிறகு முக்குளிப்பான்கள் மூழ்கி எழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மீனுங்க புழுவைத் தின்னுட்டு ஓடிப்போயிடுதுங்க" என்பாள். அவள் கழற்றும்போதெல்லாம் தெரியாதவன்போல அவன் மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பன்னிரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

தொண்ணூற்றாறு தை மாதம் காய்ச்சலில் அவள் செத்துப்போனாள். பங்குனி வந்ததும் அவன் இரண்டு தூண்டில்களையும் எடுத்துக்கொண்டு போனான். தோண்டிய ஐந்து புழுக்களில் இரண்டைக் கோத்துப் போட்டான். கொட்டாங்குச்சியில் மூன்று மிச்சமிருந்தன.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஏழுமலை சிரித்தான். "இன்னாண்ணே, ஒரே ஆளுக்கு ரெண்டு தூண்டிலா? ஏரியக் காலி பண்ணப் போறியா?"

"அது அவளோடது."

ஏழுமலை வலையைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனான்.

வெயில் சாய்ந்ததும் தசரதன் அவள் தூண்டிலை இழுத்தான். முள் வெறுமையாக இருந்தது. மீன் தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வேறு புழு எடுக்கக் கொட்டாங்குச்சிக்குள் விரலை விட்டான். உள்ளே நான்கு புழுக்கள் இருந்தன. ஒன்றின் உடம்பில் முள் குத்திய காயம்.

அதையே எடுத்து மறுபடி கோத்தான். தூண்டிலைத் தனக்குப் பக்கத்தில், அவள் உட்காரும் இடத்தில் வைத்தான். பிறகு மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.