இந்த ஜும்ஆவுக்கே

“டைனமைட்டைப் பற்றிக் குத்பாவில கதைக்க ஏலாது, மகள். வேற தலைப்புச் சொல்லுங்க.”

மௌலவி றஊப் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். எதிரில் இருந்த ஊர்ப் பெண் றுமானா அசையவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் அவர் செய்யும் குத்பாப் பிரசங்கத்துக்காக அந்தக் கிழமை முழுக்க அவள் பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வருவதும், அவர் மறுப்பதும், மறுநாள் அவள் திரும்பி வருவதுமாக இருந்தது.

“இஸ்லாமும் சுற்றாடலும் எண்டதுதான் என்ட ஆய்வு, ஹஸ்றத். மீன் பிடிக்க டைனமைட் போட்டா கடலடியில பவள முருகைக்கல் நொறுங்கும், குஞ்சு மீனும் செத்து மிதக்கும். கடல் அல்லாஹ் எங்கள நம்பித் தந்த அமானத் எண்டு எழுதிட்டன். எழுதி என்ன? மிம்பர் மேடையில இருந்து வந்தாத்தான் எங்கட ஆம்பிளைகள்ட காதில ஏறும்.”

“பொம்பிளைகளுக்கு ஒரு பயான் வைப்பம். நீங்களே பேசுங்க.”

“பயானுக்கு வாற பொம்பிளைகள் ஆரும் கடல்ல டைனமைட் போடுறதில்லையே, ஹஸ்றத்.”

மௌலவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடந்தன. பாதிக்கு மேல் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் அபூதாஹிர் ஹாஜியாருடையவை. அந்தப் படகுகளில் என்ன போகிறது என்று ஊருக்கே தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

“ஹாஜியார் கோவிச்சா நாளைக்கே என்ட உத்தியோகம் போயிரும். உங்கட பட்டத்துக்காக என்ட வயித்தில அடிக்காதீங்க மகள். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

“கடலுக்குப் போறவங்களுக்கும் இருக்கு. போன மாசம் டைனமைட் வெடிச்சுக் கை போன பொடியன ஆஸ்பத்திரியில பாத்து நீங்கதானே துஆக் கேட்டீங்க?”

மௌலவி மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட அந்த மணிக்கட்டை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை.

“சரி, வாற மாசம் பாப்பம்.”

“இந்த ஜும்ஆ.”

“ஏன் இந்த அவசரம்? முருகைக்கல் வாற மாசமும் அங்கதானே கிடக்கும்?”

“இந்த ஜும்ஆவுக்கே வேணும், ஹஸ்றத். பூசி மெழுகாமச் சொல்லோணும். அந்த மீனைப் பிடிக்கிறது ஹலாலா ஹறாமா எண்டு நேராச் சொல்லோணும்.”

இப்படியொரு பிடிவாதத்தை அவர் கண்டதேயில்லை. எரிச்சலாக இருந்தது. தனக்கு வாய் வரவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. தாடியைத் தடவினார்.

“சொல்றன்,” என்றார் கடைசியில். “வாறது வரட்டும். ஆனா ஒரு குத்பாவால எத்தினை பேர் திருந்துவாங்க எண்டு நினைக்கிறீங்க?”

“ஒரு ஆள் திருந்தினாப் போதும்.”

“ஒரு ஆளைக் காட்டினா உங்கட பல்கலைக்கழகத்தில பட்டம் தருவாங்களா?”

றுமானா எழும்பினாள்.

“பட்டம் போன வருசமே தந்திட்டாங்க, ஹஸ்றத். என்ட தம்பி ஸாஜித் வாற சனிக்கிழமை முதல்முதலா டைனமைட்டோட கடலுக்குப் போறான். நான் சொன்னா அவன் கேக்கிறானில்ல, ஆனா ஜும்ஆவுக்கு மட்டும் முன் வரிசையில வந்து இருப்பான்.”