வாசல் நான்கு, காவல்காரன் ஒருவன்

எங்கே, இதற்கு விடை சொல்லுங்கள் பார்க்கலாம். வாசல் நான்கு, காவல்காரன் ஒருவன். வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்று பார்க்க மாட்டான். சொல்லிவைத்த ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், நான்கு கதவையும் சாத்திவிடுவான். அவன் யார்?

சுண்டுவுக்கு விடை தெரியும். அவனை வேலைக்கு வைத்தவளே அவள்தான். வயது பதினொன்று.

அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கு, அப்பாவுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, வீட்டுப் பொதுவுக்கு ஒன்று. நான்கிலும் "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று குப்பை குவிந்தது. அம்மா ஒருநாள் அதை நம்பிப் பிறந்த தேதியைத் தட்டப் போனார். அன்றைக்கே சுண்டு நான்குக்கும் சேர்த்து ஒரே ஸ்பாம் பட்டியல் போட்டாள். அதில் யார் ஒரு சொல்லைச் சேர்த்தாலும், அந்தச் சொல் உள்ள கடிதம் எவருக்கும் வராது. நேரே ஸ்பாம் பெட்டிக்குள் விழும்.

"அந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. உள்ளே கிருமி இருக்கும்" என்று உத்தரவும் போட்டாள்.

"சரிங்க இன்ஜினியரம்மா" என்றார் அப்பா. அவர் பஸ் ஓட்டுகிறவர்.

இந்த வெள்ளிக்கிழமை பையும் துண்டுமாகப் போனவளை நீச்சல் குளத்துப் பூட்டு வரவேற்றது.

"இன்னைக்கு கிளாஸ் இல்லைன்னு எல்லாருக்கும் மெயில் போட்டாச்சே, பாப்பா" என்றார் தோட்டக்காரர்.

எனக்கு வரலையே?

வீட்டுக்கு ஓடிவந்து, தானே தடை போட்ட பெட்டியைத் தானே திறந்தாள். கடிதம் அங்கே கிடந்தது. "இன்று பயிற்சி இல்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

பட்டியலைப் பார்த்தாள். கடைசியாகச் சேர்ந்த சொல்: வருந்துகிறோம். சேர்த்தவர்: அப்பா. மூன்று வாரம் ஆகியிருந்தது.

மூன்று வாரமா?

அம்மா கட்டட வரைபடம் வரைகிறவர். வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அதிலிருந்து ஊரெல்லாம் மனுப் போடுகிறார். இப்போதுகூட உள்ளறையில் சித்தியோடு போனில் அதே பேச்சுதான்.

"மூணு வாரமா ஒருத்தர்கூடப் பதில் போடலைடி. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாக்கூட மனசு ஆறிடும். இது கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கு."

சுண்டு அம்மாவின் ஸ்பாம் பெட்டியைத் திறந்தாள். ஏழு கடிதங்கள். ஏழும் அம்மா மனுப் போட்ட இடங்கள்.

அப்பா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"மெதுவாப் பேசு."

"வீட்டுல இருந்தா என்ன குறைன்னு அன்னைக்குக் கேட்டீங்கள்ல? அதான் எல்லாத்தையும் ஒளிச்சு வச்சீங்களா?"

அப்பா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்ன எழுதியிருக்குன்னு பார்த்தியா?"

கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். "தங்களைத் தேர்வு செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம்." அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும். இப்படியே ஆறு.

"முன்னாடி வந்த ஒவ்வொண்ணுக்கும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதா" என்றார் அப்பா. "தண்ணிச் சத்தத்துல நமக்குக் கேக்காதுன்னு நினைப்பு. எல்லாக் கடுதாசியிலயும் இந்தச் சொல் இருந்துச்சு. ஒரு சொல்லைப் போட்டா போதும்னு நீதானே சொல்லிக்குடுத்தே? நல்ல சேதின்னா தானா உள்ள வந்துடும்னு இருந்தேன். நல்ல சேதியில அந்தச் சொல் எதுக்கு வரப்போகுது?"

சுண்டு ஏழாவதைத் திறந்தாள். அது திங்கட்கிழமையே வந்திருந்தது.

"தாமதமான பதிலுக்கு வருந்துகிறோம். தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால், இந்த இடம் அடுத்தவருக்குப் போகும்."

மணி நாலு நாற்பத்திரண்டு.

அப்பா திரையை எட்டிப் பார்த்தார். "ஐயோ! அனுப்பு, அதை அம்மாவுக்கு அனுப்பு. அதை மட்டும் அனுப்பு கண்ணு. மத்த ஆறையும் அழிச்சிடு."

"அப்ப, அந்த ஆறு இடம்?"

"பதில் போடலைன்னே இருக்கட்டுமே. இதைப் பார்த்த சந்தோஷத்துல அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சுண்டு, கம்ப்யூட்டர்லயா இருக்கே? எனக்கு ஏதாவது வந்திருக்கா பாரேன்."

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். தன்னைப் பார்த்து அவர் கைகூப்பியதைச் சுண்டு இதுவரை கண்டதில்லை. மணி நாலு நாற்பத்தாறு.

"வந்திருக்கும்மா. மேலே இருக்கிறதை முதல்ல படி. உடனே படி."

பட்டியலிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தாள். பிறகு ஏழு கடிதங்களுக்கும் குறி வைத்து, "ஸ்பாம் இல்லை" என்பதை அழுத்தினாள்.