பத்தாவது கடை

மூங்கில் கூடையைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. பத்திரிகைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உள்ளே ஆறு டிம்சம்கள், சீனத்துக் கொழுக்கட்டைகள். மாவு அத்தனை மெல்லிசு, இறாலின் சிவப்பு வெளியே தெரிந்தது. உச்சியில் மடிப்புகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருந்தன.

ஒன்றை எடுத்து வாயில் போட்டார். நாக்கைச் சுட்டது. மற்றபடி குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை.

கல்லாவில் இருந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாராவாரம் பத்திரிகைக்காரரின் சாப்பாட்டுப் பத்திக்கு மேலே அவருடைய படமும் வருகிறது. தப்ப வழியில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நகரத்தில் டிம்சமும் சுஷியும் எங்கே சாப்பிடலாம் என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். சுஷிக்கு ஐந்து கடை, டிம்சத்துக்கு ஐந்து கடை. ஒன்பதைப் புகழ்ந்திருந்தார். பத்தாவது இந்தக் கடை.

'மடிப்பில் பழைய கைத்திறன் இல்லை. தவிர்க்கலாம்.'

அவ்வளவுதான். இப்போது அந்தப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் துரத்தி அனுப்பியிருந்தார்.

திட்டு வாங்கிய கடைக்காரர்கள் எதையும் மறப்பதில்லை. ஒருவர் அவர்மேல் சூப்பைக் கொட்டியிருக்கிறார். இன்னொருவர் வசவில் அவர் தாயாரையும் தெருவுக்கு இழுத்தார். எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு அடுத்த வாரமும் எழுதியவர்தான் அவர்.

அம்மாள் எழுந்து நேராக மேசைக்கு வந்தார். பத்திரிகைக்காரர் தேநீர்க் குவளையை அவர் கைக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“ரெண்டு லெட்டர் போட்டோம். பதிலே வரல” என்றார் அம்மாள். “நீங்க எழுதினதைப் படிச்சிட்டு இங்க மாவு மடிக்கிற எங்க வீட்டுக்காரர் ஒருநாள் முழுக்கத் தன் விரலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. மறுநாள் தானாவே டாக்டர்கிட்ட போய் நின்னுருக்காரு. விரல் மரத்துப்போறதை ஆறு மாசமா என்கிட்டயே மறைச்சிருக்காருங்க. தலைக்குள்ள கட்டி. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டாருன்னாங்க.”

கடைக்காரர்களின் கடிதங்களைப் பத்திரிகைக்காரர் பிரிப்பதே இல்லை. வாயில் இருந்ததை மெல்லாமல் விழுங்கினார்.

சமையலறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. காதுக்கு மேலே முடி முளைக்காத நீளத் தழும்பு. சமையல்காரர் மாவு படிந்த வலது கையை உயர்த்தினார். ஐந்து விரல்களையும் மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கிக் காட்டினார்.

அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“தினம் வந்து சாப்பிடுறவங்களுக்குத் தெரியல. பக்கத்துலயே நிக்கிற எனக்குத் தெரியல. உங்க கண்ணுக்குத்தான் பட்டுச்சு. அன்னைக்கு நீங்க எந்த டேபிள்ல உக்காந்திருந்தீங்கன்னு அவருக்குத் தெரியணுமாம்.”

பத்திரிகைக்காரர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மேசைகள் பதினொன்று இருந்தன.

அன்று ஒன்பதாவது கடையில் சுஷியை வயிறு முட்ட அடைத்துக்கொண்டு பேருந்தில் இந்தத் தெருவைக் கடந்தார். வாசலில் நீண்ட வரிசை. இறங்கி நிற்கச் சோம்பல். பத்தையும் புகழ்ந்தால் படிக்கிறவனுக்குச் சப்பென்று இருக்கும் என்று ஆசிரியர் வேறு சொல்லியிருந்தார். அந்த வரியைப் பேருந்தில் உட்கார்ந்தபடியே எழுதி முடித்தார்.

இந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தது இன்றைக்குத்தான்.

ஜன்னலோரமாக இருந்த ஒரு மேசையைக் காட்டினார்.

சமையல்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார். இவர் பக்கம் திரும்பவில்லை. நேரே போய் அந்த மேசையில் உட்கார்ந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று வெகுநேரம் பார்த்தார்.