மலாயாப் புலியின் முழங்கால்

செல்லக்கண்ணு மஜீதின் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தினான். மஜீது அவன் காலில் போட்டிருந்த பிடியை விடவில்லை.

அரங்கத்தில் நாலாயிரம் பேர் நாற்காலிமேல் ஏறி நின்று மஜீதின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் கேலாங் கேளிக்கைப் பூங்காவில் சனிக்கிழமை மல்யுத்தம் என்றால் அப்படித்தான். ‘மலாயாப் புலி’ நல்லவன், அப்துல் மஜீது கெட்டவன். பெற்றவள் செல்லக்கண்ணு என்று பெயர் வைத்தபோது, பிள்ளை இருநூற்றிருபது பவுண்டு புலியாக வளர்ந்து பதினோரு வருஷம் சாம்பியனாக இருப்பான் என்று நினைத்திருக்க மாட்டாள்.

யார் எந்தச் சுற்றில் ஜெயிப்பது என்பதை மத்தியானமே பேசி முடித்துவிடுவார்கள். தொழிலில் ஒரே ஒரு விதிதான் பொய்யில்லாதது. வலி நிஜமாகவே தாங்கவில்லை என்றால் எதிராளியின் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்த வேண்டும், அவன் உடனே பிடியைத் தளர்த்திவிட வேண்டும்.

அன்றைக்கு மூன்றாம் சுற்றில் புலி ஜெயிப்பதாக ஏற்பாடு. வியாழக்கிழமை அவனுக்குப் பம்பாய்க் கப்பல். ஆறு மாசம், பன்னிரண்டு ஊர், கடைசியில் ஆசியப் பட்டத்துக்கான ஆட்டம். முப்பத்தெட்டு வயசுக்காரனுக்கு இப்படியொரு அழைப்பு இன்னொரு தரம் வராது.

மறுபடியும் அழுத்தினான். மஜீது அவன் முகத்தையே பார்த்தான். கண்களில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. பிறகு காலை ஒரே திருகாகத் திருகினான்.

முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. செல்லக்கண்ணு அலறிய அலறலைக் கேட்டு நடுவர் குனிந்து, “இன்னைக்கு பிரமாதம் லா” என்று காதோரம் பாராட்டினார். நடித்தே பிழைத்தவன் நிஜமாக அலறினால் யார் நம்புவார்கள்?

நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, மனைவி பாக்கியலட்சுமி ஒரு டாக்சியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்தால் வண்டி கிடைக்காது என்று முன்னாலேயே பிடித்து வைத்தாளாம். கல்யாணமான நாளாக ஆட்டம் பார்க்க வராதவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தாள். வந்த அன்றேவா இது நடக்க வேண்டும் என்று அவளுக்காகவும் சேர்த்து நொந்துகொண்டான்.

ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். நடக்கலாம், ஆனால் மல்யுத்த மேடையை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

கால் வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டான். மஜீதை நினைத்தால்தான் நெஞ்சு எரிந்தது. புலியும் எதிரியும் சேர்ந்து சிராங்கூன் ரோட்டில் தலைகாட்டினால் இருவர் பிழைப்பும் போய்விடும். அதனால் பின்சந்து வழியாக மஜீது வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து, இருவரும் ஒரே சகன் தட்டில் கைவைத்துப் பிரியாணி சாப்பிடுவார்கள். புலியை அடிக்கிற பாவி என்று தேக்கா மார்க்கெட் மீன்காரி மஜீதுக்கு மீன் கொடுக்க மாட்டாள். அவனுக்கும் சேர்த்துச் செல்லக்கண்ணுதான் வாங்கி அனுப்புவான்.

அந்த மஜீதிடம்தான் இரண்டு மாசத்துக்கு முன் ஒரு ரகசியத்தையும் சொல்லியிருந்தான். கீழே விழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, இன்னொரு அடி பலமாகத் தலையில் பட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாக்கியத்துக்குத் தெரிந்தால் கப்பலேற விட மாட்டாள், சொல்லிவிடாதீங்க பாய் என்று சத்தியம் வாங்கியிருந்தான்.

திங்கட்கிழமை ஆட்டக் கம்பெனி முதலாளி பழத்தோடு வந்தார். கப்பல் டிக்கெட் வீணாகப் போகிறது, பம்பாய்க்கு மஜீதைப் போகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்றார். செல்லக்கண்ணுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே குழி பறித்திருக்கிறான் பாவி. அன்று முழுக்கச் செல்லக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாக்கியம் கஞ்சி கொண்டுவந்தாள். மஜீது வராந்தாவில் நிற்பதாகவும், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றும் மெதுவாகச் சொன்னாள்.

“கப்பல் மத்தியானமே போயிருக்குமே. அவன் போகலையா?”

“மாட்டேன்னுட்டாராம். நீங்க கூப்பிடாம உள்ள வரமாட்டேன்னு அஞ்சு நாளா அங்கேயேதான் நிக்கிறாரு.”

செல்லக்கண்ணு கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தான். “பதினோரு வருஷமா என் உசிரையே அவன் கையில குடுத்திருந்தேன் பாக்கியம். கப்பலுக்கும் போகலைன்னா, எதுக்கு என் காலை ஒடைச்சான்?”

பாக்கியம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். டாக்டர் சொன்னதைக் கட்டின பெண்டாட்டியிடம் மறைத்தீர்களே என்று கேட்டாள். அதை மஜீது அண்ணன் வந்து அழுதுகொண்டே சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்றாள்.

“என்னால முடியவே முடியாதும்மா, அவன் எங்கூடப் பொறக்காத தம்பின்னுதான் அவரு சொன்னாரு” என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“அண்ணன் காலுல விழுந்து, உங்க காலைக் கேட்டவ நான்தாங்க.”