நாவல்பழ உதடு

“ஞாவப்பழம் தின்னேன் டாக்டர். அதான் வாய் நீலமாட்டு இருக்கு” என்றார் குமாரதாஸ், மூச்சு வாங்கியபடியே.

டாக்டர் அபிதா ஈரப் பஞ்சால் அவர் உதட்டை அழுத்தித் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. நகங்களும் நீலம்தான், நாவல்பழத்தை யாரும் நகத்தால் தின்பதில்லை.

துபாயிலிருந்து லீவில் வந்து ஒரு வாரம்கூட ஆகாத மனுஷனை, மனைவி ஷிஜிதான் பூதப்பாண்டியிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். பயத்தில் அவளுக்கும் தலை சுற்றியதோ என்னவோ, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆக்சிஜன் வைத்தும் நிறம் மாறவில்லை. நெஞ்சில் சளி இல்லை, இதயத்திலும் கோளாறு இல்லை. ஊசியில் எடுத்த ரத்தமோ கருப்பட்டிப் பாகு போல இருந்தது. வெள்ளைத் துணியில் விட்டுக் காற்றுப் பட்ட பிறகும் சிவக்கவில்லை.

அபிதாவுக்குப் பொறி தட்டியது. ஏதோ ஒன்று உள்ளே போய் ரத்தத்தையே கெடுத்திருக்கிறது. இன்னும் தாமதித்தால் ஆள் தாங்க மாட்டார்.

ஷிஜியை வெளியே அனுப்பிவிட்டுக் குனிந்தாள். “உள்ளதச் சொல்லுங்க அண்ணே. என்னத்தக் குடிச்சீங்க, இல்ல மோந்தீங்க?”

அந்த நீல முகத்திலும் வெட்கம் தெரிந்தது. “கூட வேல பாக்குற ஜெபிஷ் ஒரு சின்னக் குப்பி தந்தான். மோந்தா இருவது வயசு ஆயிருமாம். கொஞ்சம் கூடுதலாட்டு இழுத்துட்டேன்.”

“இந்த வயசுல இது தேவையா?”

“எனக்க பெண்டாட்டிக்கு மட்டும் தெரியப்பிடாது டாக்டர். மானம் போயிரும்.”

அபிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெத்திலீன் புளூ மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினாள். “நீலத்துக்கு நீலம்தான் மருந்து. மூத்திரமும் நீலமாட்டுப் போவும். கெடந்து அலறப்பிடாது.”

கொஞ்ச நேரத்தில் உதட்டில் ரத்தக்களை திரும்பியது. குமாரதாஸ் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அபிதா வெளியே வந்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாள். “ஏதோ மருந்து வாசம் ஒத்துக்கல அக்கா. ஒரு ஊசி போட்டேன், சரியாயிட்டு.”

ஷிஜி அக்கம்பக்கம் பார்த்தாள். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அவருக்குத் தெரியாம அந்தக் குப்பிய நானும் மோந்துட்டேன் டாக்டர்... எனக்கும் ஒரு ஊசி போடுவீங்களா?”